ஒரே சாலை, எப்போதோ வரும் பஸ்: கேமரன் மலையின் பொதுப் போக்குவரத்து

வரைபடத்தில் கேமரன் மலையைத் தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது ஒரு சாலைதான். தெற்கே ரிங்லெட்டில் தொடங்கி ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பாம், திரிங்காப், குவாலா தெர்லா என்று ஏறியும் இறங்கியும் வளைந்து, வடக்கே கம்போங் ராஜாவை அடைகிறது. நீளம் சுமார் 35 கிலோமீட்டர். தாப்பாவிலிருந்து மலையேறி வரும் கூட்டரசுச் சாலை 59-இன் மேற்பகுதி இது. மாவட்டத்தின் பரப்பு 712 சதுர கிலோமீட்டர் என்றாலும், இங்கே வாழும் ஏறக்குறைய 40,000 பேரில் பெரும்பாலோரின் வீடு இந்தச் சாலையோரத்தில் இருக்கும். இல்லையென்றால் இதிலிருந்து பிரியும் ஏதோ ஒரு தோட்டப் பாதையில் இருக்கும். மருத்துவமனை, மாவட்ட அலுவலகம், வங்கி, இடைநிலைப் பள்ளி, இரவுச் சந்தை எல்லாம் இதே கோட்டில்தான்.

போக்குவரத்துத் திட்டம் தீட்டுகிறவர்களுக்கு இதைவிட வாகான ஊர் அமையாது. மக்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால் பேருந்து எந்தப் பக்கம் போவது என்பதே பெரும் சிக்கலாகிவிடும். கோலாலம்பூரின் புறநகர்கள் அந்தச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை, போகவும் வரவும் ஒரே வழிதான். அப்படிப்பட்ட ஊரில் உள்ளூர்ப் பேருந்து நாளுக்குச் சில நடைகளோடு நின்றுவிடுகிறது, இருட்டியபின் தலைகாட்டுவதில்லை. மலை, வளைவு, மூடுபனி, மக்கள்தொகை குறைவு என்று இதற்கு வழக்கமாகச் சில காரணங்கள் சொல்லப்படுகின்றன. இவை எதுவும் முதன்மைக் காரணம் அல்ல என்பது என் கருத்து. தோட்டம் என்ற அமைப்பு இங்கே உருவான விதத்திலும் மாநில எல்லை விழுந்த இடத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. பேருந்துக்கு யார் காசு கொடுப்பது என்ற கணக்கில் இன்னொன்று இருக்கிறது.

கேமரன் மலையில் போக்குவரத்து என்று பேச்செடுத்தால் உடனே நெரிசலைப் பற்றித்தான் பேசுவார்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பாம் சந்தை வரை வண்டிகள் ஊர்கின்றன. ஸ்ட்ராபெரி, சோளம், தேன் வாங்க வருகிறவர்கள் சாலையோரத்திலேயே காரை நிறுத்துகிறார்கள். காய்கறி லோரிகள் அவற்றுக்குப் பின்னால் காத்து நிற்கின்றன. தீர்வு என்று முன்வைக்கப்படுபவையும் ஒரே மாதிரியானவை: சாலையை அகலமாக்கு, புறவழிச் சாலை போடு, கார் நிறுத்துமிடம் கட்டு. நெரிசல் பொய்யில்லை. ஆனால் அதைப் பற்றிக் குரல் எழுப்புகிறவர்களிடம் கார் இருக்கிறது. கார் இல்லாதவர்கள் நெரிசலில் சிக்குவதில்லை. அவர்கள் புறப்படவே முடியாமல் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அதனால் எந்தப் போக்குவரத்துக் கணக்கெடுப்பிலும் அவர்கள் தலை எண்ணப்படுவதில்லை.

இது எப்படி வந்தது என்று பார்க்கச் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1885-இல் நிலஅளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பீடபூமியைப் பற்றிக் குறிப்பெழுதினார். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகுதான் இதை மலை வாசத்தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. 1930-களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை சாலை வந்து சேர்ந்தது. அதற்குச் சற்று முன்னதாக, 1929-இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். இலங்கையில் தேயிலை பயிரிட்ட அனுபவமுள்ள ஏ.பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் வந்தது. காட்டை வெட்டித் திருத்தவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் தமிழர்கள் வந்தார்கள். தொழிலாளர்களைச் செலவு கொடுத்துக் கடல்கடந்து அனுப்பும் முறையை 1938-இல் இந்திய அரசு தடைசெய்தது. அதற்குப் பிறகு இந்த மலையின் தோட்டத் தமிழர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மலாயாவில் இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

தோட்டம் என்பது தனக்குள்ளேயே முடிந்துவிடும் உலகம். லயம், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்தகம், கடை எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்தன. வேலைக்காடு காலாற நடக்கும் தூரம். எட்டாத தூரமென்றால் தோட்டத்து லோரி ஏற்றிச் சென்றது. கடுங்காய்ச்சல் கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே லோரிதான். திருவிழாவுக்கு வெளியூர் போவதென்றாலும் கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தரிடம்) சொல்லி வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். பொதுப் போக்குவரத்து செய்ய வேண்டிய வேலையைத் தோட்ட நிர்வாகம் தன் வசதிக்கேற்பச் செய்துவந்தது. தாப்பா சாலையில் ஓடிய பேருந்து தோட்டத்து மக்களை மனத்தில் வைத்து ஓட்டப்பட்டதல்ல. கீழ்நாட்டின் வெயிலுக்குத் தப்பி வந்தவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அது ஓடியது. அதனால் அரசு என்ற ஒன்றிடம் பேருந்து கேட்கும் பழக்கமும் தேவையும் தோட்டத்து மக்களுக்கு ஏற்படவே இல்லை.

பிறகு அந்த வேலி மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிள்ளைகள் படித்தார்கள், கொழுந்துக் கூடையை விட்டு விலகினார்கள். கொழுந்து பறிக்கும் வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கைக்குப் பதிலாகக் கத்தரியும் இயந்திரமும் கொழுந்தை வெட்டத் தொடங்கின. வடக்கே புளூ வேலியில் தேயிலை போய்க் காய்கறிக் கூடாரங்கள் எழுந்தன. தமிழ்க் குடும்பங்களில் பல ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் குடிபெயர்ந்து ஹோட்டலிலும் கடையிலும் பள்ளியிலும் காய்கறிப் பண்ணையிலும் வேலைக்குச் சேர்ந்தன. தோட்டத்தில் தங்கியவர்களும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் தினமும் வெளியே போக வேண்டியதாயிற்று. ஆக, தோட்டத்து லோரியின் காலம் முடிந்த அதே நேரத்தில் வெளியே போகும் தேவை பல மடங்கு கூடியது. அந்த இடைவெளியை நிரப்ப யாரும் பேருந்து அனுப்பவில்லை. கப்சாய் மோட்டார் சைக்கிளும், தவணையில் வாங்கிய காரும், பழைய லேண்ட் ரோவரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஹாபுவிலிருந்து பிரியும் போ தோட்டப் பாதையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பல கிலோமீட்டர் வளைந்து செல்லும் பாதை அது. பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே இன்னொன்று வந்தால் இருவரில் ஒருவர் பின்னுக்கு எடுத்து, சரிவோரம் ஒதுங்கி வழிவிட வேண்டும். சுங்கை பாலாஸ் பாதையும் இதே கதைதான். விடுமுறை நாளில் தேயிலை நிலையத்துக்குக் காரில் வருகிறவர்கள் அந்தக் குறுகலில் நடத்தும் ரிவர்ஸ் திருவிழாவைப் பார்க்க வேண்டும். பெரிய பேருந்து உள்ளே நுழைய வழியே இல்லை. லயத்தில் வசிக்கும் ஒரு பாட்டிக்கு நீரிழிவுக்கான மருந்து வாங்க தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஹாபு சந்திவரை வந்து சேர வேண்டும். அதற்குப் பேரனின் மோட்டார் சைக்கிள் கிடைக்கலாம்; இல்லையென்றால் தோட்டத்துக்குள் வந்து திரும்பும் ஏதாவதொரு காரில் தும்பாங் (ஓசிப் பயணம்) கேட்க வேண்டும். சந்தியில் நின்றால், பேருந்து எப்போது வரும் என்று சொல்லும் பலகை கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் பாட்டி திரும்பி நடந்துவிடுவார், மருந்து அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். தானா ராத்தா மருத்துவர் சிறப்புச் சிகிச்சைக்கு ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால், அன்று ஒரு நாள் சம்பளமும் ஒரு வாடகைக் காரும் செலவாகும்.

இதற்கு நேர்மாறான காட்சி தானா ராத்தா பேருந்து நிலையத்தில் காணக் கிடைக்கும். கோலாலம்பூரின் தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து முனையத்திலிருந்து வரும் விரைவுப் பேருந்துகள் அங்கே வந்து நிற்கின்றன. அவற்றில் இருக்கையைக் கைப்பேசியிலேயே தேர்ந்தெடுத்துக் காசு கட்டிவிடலாம். நாலரை மணி நேரம், சாய்ந்து உட்கார மெத்தை இருக்கை. பினாங்குக்கும் ஈப்போவுக்கும் இதே வசதி உண்டு. ஐரோப்பாவிலிருந்து முதுகுப்பையோடு வருகிற பயணி தன் நாட்டைவிட்டுக் கிளம்பும்முன்பே இந்த மலைக்கு இடம் பிடித்து வைத்துக்கொள்கிறார். குவாலா தெர்லாவில் பிறந்து வளர்ந்தவருக்கோ 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்கு அடுத்த பேருந்து எப்போது என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. மலைக்கு வருவது சுலபம், மலைக்குள் நகர்வதுதான் கஷ்டம்.

காரணம் வெளிப்படையான கணக்கு. விரைவுப் பேருந்து டிக்கெட்டிலேயே லாபம் பார்க்கிறது. ஊருக்கு ஊர் நின்று ஏற்றியிறக்கும் உள்ளூர்ப் பேருந்து பள்ளி நேரத்தில் நிரம்பி வழிந்து, மற்ற நேரங்களில் காலியாக ஓடும். மலேசியா முழுக்க இதுவே நிலைமை. 1985-இல் புரோட்டோன் கார் வந்ததற்குப் பின் சொந்தக் கார் வைத்திருப்பது நடுத்தர வாழ்க்கைக்கு அடிப்படையாகிவிட்டது. பெட்ரோல் உதவித்தொகை அதற்கு மேலும் ஊக்கம் கொடுத்தது. பயணிகளின் காசை மட்டும் நம்பியிருந்த உள்ளூர்ப் பேருந்து நிறுவனங்கள் ஊருக்கு ஊர் நடைகளைக் குறைத்தன, சில மூடிவிட்டன. நடை குறைந்ததால் காத்திருக்கப் பொறுக்காதவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், அதனால் நடை இன்னும் குறைந்தது. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்வதற்கில்லை. நட்டத்தில் பேருந்து ஓட்டச் சொல்லித் தனியாரை வற்புறுத்த முடியாது.

கூட்டரசு இதை உணராமல் இல்லை. 2010-இல் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. அது 2019-இல் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்பு போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டுக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் நல்ல முயற்சி ஒன்று தொடங்கியது: மைபாஸ் என்ற பெயரில் ஓடும் பேருந்துகளின் திட்டம். இதில் பேருந்தை இயக்கும் நிறுவனத்துக்குப் பயணி எத்தனை பேர் என்று பார்த்துக் காசு தருவதில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள், நேரத்துக்கு ஓட்டினார்களா என்று பார்த்து அரசு ஒப்பந்தப்படி பணம் கொடுக்கிறது, டிக்கெட் காசு அரசுக்குப் போகிறது. காலியாக ஓடும் மதிய நடையும் ஓடித்தான் ஆக வேண்டும். மக்கள் நம்பி நிற்பதற்கு அந்த மதிய நடைதான் அடிப்படை. இந்தத் திட்டம் தொடக்கத்தில் போன இடங்கள் கங்கார், சிரம்பான், ஈப்போ, குவாலா திரங்கானு. நான்கும் மாநிலத் தலைநகரங்கள். கேமரன் மலை அடங்கிய பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு 2012-இலேயே ரேப்பிட் குவாந்தான் வந்துவிட்டது. அதுவும் தலைநகரம்தான்.

இங்கேதான் மாநில எல்லை குறுக்கே வருகிறது. கேமரன் மலை பகாங்கில் இருந்தாலும் அதன் வாழ்க்கை பேராக் பக்கமாகத்தான் இறங்குகிறது. தாப்பா, ஈப்போ இரண்டும் பேராக்கில் உள்ளவை. 2000-களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறந்தபின் அந்தப் பிணைப்பு இன்னும் இறுகியது. 2010 வாக்கில் ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகக் குவாலா லிப்பிஸ் பக்கம் போகும் சாலை திறக்கும்வரை, தங்கள் சொந்த மாநிலத் தலைநகருக்குப் போகவே கேமரன் மக்கள் அண்டை மாநிலத்தின் வழியாகச் சுற்றிப் போனார்கள். மனிதர்கள் மட்டுமல்ல, தண்ணீரும் அந்தப் பக்கமே போகிறது. ரிங்லெட் நீர்த்தேக்கத்திலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பாய்ந்து, பேராக் பக்கத்தில் ஜோர் என்ற இடத்திலுள்ள சுல்தான் யூசுப் நீர்மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. ஈப்போவில் ஒரு திட்டம், குவாந்தானில் ஒரு திட்டம்; இரண்டுக்கும் நடுவில் மலைமேல் நிற்கும் ஊரை எந்த வட்டத்தில் சேர்ப்பது என்று தாள்களில் ஒரு தெளிவு இல்லை. தலைநகரங்களை மையமாக வைத்து வட்டம் போட்டால், எந்தத் தலைநகருக்கும் அருகில் இல்லாத ஊர் வட்டத்துக்கு வெளியேதான் நிற்கும்.

அரசியலும் இதற்கு உதவவில்லை. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி ம.இ.கா.வுக்கு (மலேசிய இந்தியர் காங்கிரசுக்கு) நீண்ட காலமாகக் கௌரவத் தொகுதியாக இருந்தது. 2019 ஜனவரி 26-இல் நடந்த இடைத்தேர்தலில்தான் ம.இ.கா. இடம்பெற்ற தேசிய முன்னணிக் கூட்டணி, பூர்வகுடியான ஓராங் அஸ்லி சமூகத்தைச் சேர்ந்த ரம்லி முகமது நோரை நிறுத்தி வென்றது. அப்போதைய வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இந்தியர், ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓராங் அஸ்லி. பேருந்தை அதிகம் நம்பக்கூடியவர்கள் இந்த இரு சமூகத்திலும் நிறையப் பேர். இரண்டு தரப்பையும் சேர்த்தால் தொகுதியின் முடிவையே புரட்டிப் போடலாம். ஆனால் தேர்தல் காலத்தில் வாக்குறுதிகள் சாலையையே சுற்றி வருகின்றன. புதுச் சாலைக்கு ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம், பேருந்து அட்டவணைக்கு ரிப்பன் கட்ட இடமில்லை.

சாலையை அகலப்படுத்துவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மலையில் அது வெறும் செலவுக் கேள்வி அல்ல. 2011 ஆகஸ்ட் 7-இல் பிரிஞ்சாங் அருகே சுங்கை ருயில் ஓராங் அஸ்லி குடியிருப்பில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேறும் பெர்தாம் வேலியில் உயிர்களைப் பறித்தன. 2024 ஜனவரி 26-இல் புளூ வேலியில் சரிவு ஐந்து மியன்மார் தொழிலாளர்களைப் புதைத்தது. மழை நாளில் சாலை மூடப்பட்டதாக அறிவிப்பு வருவது இந்த மக்களுக்குப் புதிதல்ல. இங்கே சாலையை ஒரு மீட்டர் அகலமாக்க வேண்டுமென்றால் பக்கத்துச் சரிவை அதைவிட உயரமாக வெட்ட வேண்டும். அகலமான சாலை கூடுதல் கார்களை அழைத்துவரும், அவை எல்லாம் மறுபடி பிரிஞ்சாங்கின் அதே ஒடுக்கமான கடைத்தெருவில்தான் வந்து முட்டும்.

பேருந்து பாதுகாப்பானதா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010 டிசம்பர் 20-இல் சிம்பாங் பூலாய் சாலையில் சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். 2025 ஜூனில் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பல்கலைக்கழக மாணவர் பதினைந்து பேர் இறந்த விபத்துக்குப் பின், ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைப் பட்டை கட்டாயமானது. இவை இரண்டும் நெடுந்தூர வண்டிகள். 35 கிலோமீட்டருக்குள் நின்று நின்று போகும் சிறு பேருந்தின் வேகம் வேறு. இருட்டிலும் பனியிலும் நனைந்த சாலையில் கப்சாய் ஓட்டும் பதினேழு வயதுப் பையனின் ஆபத்தோடு அதை ஒப்பிட வேண்டும்; நெடுந்தூர வண்டியோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

தமிழ் வாசகருக்கு உடனே நினைவுக்கு வரக்கூடிய இடம் வால்பாறை. அங்கேயும் தேயிலைத் தோட்டம், லயம், செங்குத்து மலை. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கிளைப் பணிமனை இருக்கிறது, தோட்டங்களுக்குள்ளேயே பேருந்து போகிறது. வண்டி பழசு, கண்ணாடி ஆடும், நேரம் தவறும் என்று அந்த ஊர்க்காரர்கள் புலம்புவார்கள். புலம்பலில் நியாயமும் உண்டு. ஆனாலும் பேருந்து வரும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இருக்கிறது. 2021-இல் தமிழ்நாட்டில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது மலைப்பகுதி விடுபட்டிருந்தது, 2024-இல் அங்கேயும் நீட்டிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது மாதச் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியும் மிச்சம். இலங்கையில் ஹட்டன், நுவரெலியா டிப்போக்கள் தோட்டப் பாதைகளில் ஓட்டும் பேருந்துகளும் இதே வகைதான். இந்த இரண்டு நாடுகளையும்விட மலேசியா பணக்கார நாடு. தோட்டத்துக்குப் பேருந்து அனுப்ப வேண்டியது அரசின் கடமை என்ற எண்ணம் அங்கே ஊறியிருக்கிறது, இங்கே அது வேர்விடவே இல்லை.

ஊட்டி இன்னொரு பாடம் தருகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு. கேமரன் மலையிலும் இப்படி வரம்பு விதிக்கலாமே என்ற பேச்சு எழுவது இயல்பு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்துகள் இடைவிடாமல் ஏறுகின்றன, காரை விட்டவருக்கு வேறு வழி கண்முன் நிற்கிறது. கேமரனில் அந்த மாற்று இல்லாமல் கார்களை மட்டும் தடுத்தால் கியா பாம் கடைக்காரர்கள் கொதித்தெழுவார்கள், அவர்கள் கோபத்தைக் குறை சொல்லவும் முடியாது. மாற்று வழி முதலில் வரட்டும், வரம்பைப் பிறகு பேசலாம்.

சரி, அந்த மாற்றுக்கு எவ்வளவு ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜாவரை 35 கிலோமீட்டர். வளைவும் நிறுத்தமும் சேர்த்து மணிக்கு 20 கிலோமீட்டர் சராசரி என்றால் போக ஒன்றே முக்கால் மணி நேரம். போய்த் திரும்பி ஓட்டுநர் இளைப்பாற நான்கு மணி நேரம். மணிக்கொரு பேருந்து வேண்டுமென்றால் நான்கு வண்டி போதும், பழுதுக்கு ஒன்று கையிருப்பு. காலை ஆறிலிருந்து இரவு எட்டுவரை ஓடினால் நாளுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 5 ரிங்கிட் செலவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18 லட்சம் ரிங்கிட் சொச்சம். அரைமணிக்கொன்று என்றால் அதன் இரு மடங்கு. இதிலிருந்து டிக்கெட் வருமானத்தைக் கழிக்க வேண்டும். மலைச்சாலையில் ஒரே ஒரு கிலோமீட்டரை வெட்டி அகலப்படுத்தும் செலவே பல பத்து லட்சம் ரிங்கிட்டைத் தொடும் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

தோட்டப் பாதைகளுக்குப் பெரிய பேருந்து சரிப்படாது, வேன்தான் சரி. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இப்போது கைப்பேசியில் அழைத்தால் வரும் பொது வேன்கள் ஓடுகின்றன. ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சிறு தூரத்தை அவை இணைக்கின்றன. அதே முறை ஹாபு சந்திக்கும் போ தோட்டத்துக்கும், பிரிஞ்சாங்குக்கும் சுங்கை பாலாஸுக்கும், ரிங்லெட்டுக்கும் பெர்தாம் வேலிக்கும் பொருந்தும். ஒரு திருத்தம் தேவை: மலை மடிப்புகளில் கைப்பேசி அலை எட்டாத இடங்கள் உண்டு, பாட்டியிடம் செயலி இருக்காது. ஆகவே பேருந்து வந்து நிற்கும் நேரத்துக்கு வேனும் வந்து நிற்கும் என்ற எழுதிவைத்த அட்டவணை வேண்டும், அழைப்பு வசதி அதற்கு மேல் கூடுதலாக இருக்கட்டும். தேயிலை நிலையத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளையும் அதே வேனில் ஏற்றினால், குறுகல் பாதையில் கார்களின் மல்லுக்கட்டு குறையும், வேனுக்கும் வருமானம் கூடும். தோட்ட நிறுவனங்களுக்கும் இதில் லாபம் இருப்பதால் செலவில் ஒரு பங்கைக் கேட்பது தவறில்லை. தங்கள் பாதை வழியே பொது வண்டி போக அனுமதி கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

மின் பேருந்து மலைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பௌதிகக் கணக்கு. பத்து டன் எடையுள்ள வண்டியை தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை, அதாவது சுமார் 1,300 மீட்டர் உயரத்துக்கு, தூக்கிக்கொண்டு போகவே 35 யூனிட் மின்சாரம் வேண்டும். உராய்வும் காற்றுத் தடையும் தனி. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும், பிரேக்கும் அதிகம் சூடாகாது. டீசல் வண்டி அந்த ஆற்றலை முழுக்கப் பிரேக்கிலும் எஞ்சினிலும் வீணாக்கிவிடுகிறது. ரிங்லெட்டுக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவிலான ஏற்ற இறக்கம் இதைவிடக் குறைவு, ஆகவே இன்னும் எளிது.

கேபிள் கார் போடலாமே என்று கேட்கலாம். அதன்மீது எனக்கு விரோதம் இல்லை. கெந்திங்கில் அது நெடுங்காலமாக ஓடுகிறது. ஆனால் அடிவாரத்தில் ஏறி உச்சியில் இறங்குவதுதான் அங்கே வேலை. கேமரனில் மக்கள் போக வேண்டியது மலையின் மேலேயே ஊருக்கு ஊர். அதைக் கம்பியில் தொங்கவிட்டுச் செய்ய முடியாது.

மலையடிவாரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு வாய்ப்பு கிடக்கிறது. ஈப்போவையும் கோலாலம்பூரையும் இணைக்கும் இடிஎஸ் மின்ரயில் 2010 ஆகஸ்டில் தொடங்கியது. தாப்பா ரோடு நிலையத்தில் அது நிற்கிறது. தாப்பா நகரத்துக்கு அங்கிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். ரயிலிலிருந்து இறங்குகிறவர் பெரும்பாலும் டாக்சியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் ஏற்ப இல்லாவிட்டாலும், நாளில் சில ரயில்களுக்கு ஏற்ப அந்த நிலையத்திலிருந்து மலைக்கு ஒரு நேரடிப் பேருந்து ஓடினால், கோலாலம்பூரில் படிக்கும் பிள்ளையும் அங்கே வேலை பார்க்கும் மகளும் ஊர் வருவதற்குக் கார் வைத்திருக்கத் தேவையில்லை. சுற்றுலாப் பயணிகளில் ஒரு பகுதி காரை வீட்டிலேயே விட்டுவரலாம். நெரிசலுக்கு அரசு கட்டத் துடிக்கும் கார் நிறுத்துமிடங்களைவிட இது மலிவு.

நெரிசல் நாளில் பேருந்தும் அந்த வரிசையில்தானே நிற்கும் என்பது எதிர்வாதங்களில் வலுவானது. ஆம், நிற்கும். அந்த நாட்களில் மட்டும் பிரிஞ்சாங்குக்கும் கியா பாமுக்கும் நடுவே சாலையோர நிறுத்தத்தை முழுவதுமாகத் தடுத்து, வெளியூர்க் கார்களை வடக்கே கம்போங் ராஜாவிலும் தெற்கே ரிங்லெட்டிலும் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து பேருந்தில் ஏற்றுவது ஒரு வழி. கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசித்தான் அதைச் செய்ய முடியும். வாங்கிய காய்கறிப் பெட்டியைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பார்கள், அதற்குப் பெட்டியைக் கார் நிற்கும் இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடும் வேண்டியிருக்கும். ஓட்டுநர் தட்டுப்பாடும் உண்மையான தடை. மலையில் ஓட்டத் தெரிந்தவர்களைச் சுற்றுலா வேன்களும் காய்கறி லோரிகளும் நல்ல சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. ஒப்பந்தத்தில் ஓட்டுநர் சம்பளத்தைத் தனியாகக் குறிக்காவிட்டால் முதல் ஆண்டிலேயே பேருந்து நின்றுவிடும்.

ஓராங் அஸ்லி குடியிருப்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சுங்கை ருயில் பிரதான சாலைக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் சுங்கை கோயான் சாலையில் போஸ் பெத்தாவ் போன்ற இடங்கள் தொகுதிக்குள் இருந்தும் கேமரன் நகரங்களிலிருந்து தூரம். அந்தச் சாலை திறந்து ஒன்றரைப் பத்தாண்டு ஆகிறது. அதில் நாளுக்கு இரண்டு நடை ஓடினாலே மலையும் பகாங்கின் மற்ற பகுதியும் பொதுப் பேருந்தால் இணையும். இது லாபக் கணக்கில் எந்நாளும் தேறாது, மாநில அரசு விரும்பித்தான் ஏற்க வேண்டும்.

ஆக, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியது அபாட். பாதிச் செலவைப் பகாங் மாநிலமும், ஈப்போ, தாப்பா ரோடு நீட்சிக்குப் பேராக் மாநிலமும் பகிரலாம். நிறுத்தங்கள், அட்டவணைப் பலகைகள், இரவு விளக்குகள் கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. தோட்ட நிறுவனங்கள் உட்பாதையைத் திறந்துவிட வேண்டும். அட்டவணையில் பேரம் பேசக் கூடாத இரண்டு நடைகள் உண்டு. பள்ளி ஏழரைக்குத் தொடங்குவதால், முதல் பேருந்து ரிங்லெட்டிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் ஆறு மணிக்குள் கிளம்ப வேண்டும். கடைசிப் பேருந்து, ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி முடிப்பவர்கள் ஏறுவதற்குத் தோதாக, வாரநாளில் எட்டு மணியோடு முடிந்தாலும் இரவுச் சந்தை நாளில் பத்து மணிக்கு முன் புறப்படக் கூடாது.